தூர்த்த இடம் உண்டா?

என்னை ஆபீஸை விட்டு வெளியே அனுப்பியதற்கு ஒரே காரணம், எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான். அதற்கு முன்னால் நான்கு வருஷம் மண் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, பிறர் தோண்டிக் கொண்டுவந்த மண்ணைச் சலித்து, காய வைத்து, எடை போட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சினீயரிங் படித்த பெண்கள் எங்கள் இலாகாவில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். எங்களுக்கு மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, அவ்வளவுதான் என்று யாரோ தீர்மானித்து வைத்திருந்தார்கள். வெயிலில் நின்று பூமியில் துளை போடுவது ஆண்களின் வேலை. ஒவ்வொரு வருஷமும் என்னையும் ஃபீல்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுப்பேன். மேலதிகாரி ஒவ்வொரு வருஷமும் சிரித்துக்கொண்டே அதை ஃபைலில் கோத்து வைப்பார்.

எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டை அடுத்த சித்தூர் தாலுக்காவில், நல்லேப்பிள்ளியைத் தாண்டிக் கிழக்கே, ஒரு ஆஸ்பத்திரி கட்ட முடிவாயிற்று. அந்தப் பக்கத்து விவசாயிகள் கோயம்புத்தூர்த் தமிழ் பேசுகிறவர்கள். முதலில் போன எங்கள் ஆள் கோட்டயத்துக்காரர். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, எல்லாப் பேச்சும் 'ங்க' என்று முடிகிறது என்பதைத் தவிர வேறு ஒன்றும் விளங்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். மேலதிகாரி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"தான் தமிழல்லே?" என்றார். நீ தமிழ்தானே என்கிறார்.

நான் பாலக்காட்டு டவுனில் கோவில் தெருவில் பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எங்கள் தமிழ் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு வந்த தமிழ், பழைய வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு கர்வம் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதல். "என்னைவிட நல்ல தமிழ் உங்களுக்கு எங்கே கிடைக்கும், சார்?" என்று கேட்டேன்.

"சரி, ஒரு தடவை பார்க்கலாம்" என்று மலையாளத்தில் சொன்னார். "ஒழுங்காக முடித்தால் இனிமேலும் போகலாம். ஏதாவது குளறுபடி செய்தால் பிறகு என்னிடம் ஃபீல்டு என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது. லேப் இருக்கவே இருக்கிறது."

நான் சரி என்றேன். குளறுபடி எல்லாம் மற்றவர்கள் செய்வது என்பது அன்றைக்கு என் திடமான நம்பிக்கை.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு விசேஷம் இருந்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் வடக்கே ஓர் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் பூமி குலுங்கி, வீடுகள் மளமளவென்று விழுந்திருந்தன. எங்கள் மாநிலத்திலோ இடுக்கி மலையில் பெரிய அணை எழும்பிக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக்கும் அதற்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் நில நடுக்க வரைபடத்தில் எங்கள் பகுதிக்கும் ஒரு நிறம் அடித்திருந்தார்கள். இனிக் கட்டும் ஆஸ்பத்திரிகள் குலுக்கலைத் தாங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சக ஊழியர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு விழுந்தால் ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆஸ்பத்திரி விழுந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களிடம் சண்டை பிடித்தேன்.

கம்பியும் கான்கிரீட்டும் கணக்குப் போடுகிறவர்கள் வேறே. அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் போட்டாலும், கட்டிடம் கடைசியில் மண்மேல்தான் நிற்க வேண்டும். மண் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியது நான். கட்டிடத்தின் எல்லாத் தூண்களும் ஒரே மாதிரி மண்ணில் நின்றால், குலுங்கும்போது எல்லாம் சேர்ந்து ஆடும், சேர்ந்து நிற்கும். நாலு காலில் ஒரு காலை மட்டும் மெத்தைமேல் வைத்த கட்டிலில் படுத்துப் பார்த்தவர்களுக்கு, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நிலம் கொடுத்தவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த விவசாயி. நெல்லும் கடலையும் தென்னையும் உள்ள குடும்பம். ரோட்டோரமாக இரண்டு ஏக்கர் கடலைக் காட்டை ஆஸ்பத்திரிக்கு இனாமாக எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். மண் ரிப்போர்ட் வந்த பிறகு பத்திரம் பதிவதாக ஏற்பாடு. எதற்காக இவ்வளவு நல்ல நிலத்தைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"என்ற ஊட்டுக்காரி வழுக்கி உழுந்து காலை முறிச்சுட்டாங்க. கோபாலபுரம் வழியா பொள்ளாச்சிக்குக் காருல கொண்டுபோனனுங்க. எல்லையில காரை நிறுத்தி, அரிசி கடத்தறமான்னு அவ காலுக்கடியில துழாவுனாங்க அம்மிணி. அவ போட்ட சத்தம் இன்னம் என்ற காதுல இருக்குதுங்க. இனி இந்த ஊருல ஆரும் அப்பிடிப் போகப்படாது."

அவரை எனக்குப் பிடித்துவிட்டது. என்னை 'அம்மிணி' என்று கூப்பிட்டதும் பிடித்தது. ஆபீஸில் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பாதிப் பேர் கூப்பிடாமலே இருந்துவிடுவார்கள்.

துளை போடுவதற்கு முன்னால் நிலத்துக்காரரிடம் கேட்டு எழுத வேண்டிய ஒரு ஃபாரம் உண்டு. மலையாளத்தில் சைக்ளோஸ்டைல் அடித்தது. இங்கே குளம் இருந்ததா, நீரோடை இருந்ததா, மண்ணிட்டு மூடிய இடம் உண்டா, இப்படிச் சில கேள்விகள். நான் அவற்றை மலையாளத்திலேயே படித்திருக்கலாம். அந்தப் பக்கத்தில் பிறந்த மனிதருக்கு மலையாளம் கேட்டால் புரியும், பேசத்தான் மாட்டார். ஆனால் தமிழ் தெரியும் என்றல்லவா என்னை அனுப்பியிருக்கிறார்கள்? 'மண்ணிட்டு மூடிய' என்பதை நல்ல தமிழாக்கிக் கேட்பது என்று முடிவு செய்தேன். எங்கள் தெருவில் பள்ளத்தை மண் போட்டு நிரப்பினால் தூர்த்தாச்சு என்போம். அழகான பழைய வார்த்தை.

"இந்த ஸ்தலத்தில குளம் ஏதாவது இருந்துதோ?"

"இல்லீங்க."

"ஓடை?"

"அது அரை மைலுக்கு அக்கட்டால போகுதுங்க."

"எங்கேயாவது தூர்த்திருக்கேளா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தூருங்களா?"

"ஆமாம். தூர்த்த இடம் ஏதாவது உண்டா?"

"தூரெல்லாம் இல்லீங்க அம்மிணி. இங்கெதுக்குங்க தூரு?"

நான் 'இல்லை' என்று எழுதினேன். அவர் கீழே தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவர் பார்த்த பார்வைக்கு, ஒரு பொம்மனாட்டி இவ்வளவு விவரமாகக் கேட்கிறாளே என்ற ஆச்சரியம் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

பிறகு முக்காலி நட்டு, கப்பி கட்டி, துளை போட ஆரம்பித்தோம். அறுபத்து மூன்றரை கிலோ இரும்புக் குண்டைக் கயிற்றில் இழுத்துப் போடுவார்கள். அது குழாயின் தலையில் விழும். குழாய் முப்பது சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறங்க எத்தனை அடி வாங்கிற்று என்று எண்ணி எழுத வேண்டும். குறைந்த அடியில் இறங்கினால் மண் சோனி. நிறைய அடி வாங்கினால் மண் உறுதி. கட்டிடம் வரப்போகும் இடத்தில் நான்கு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று, மொத்தம் ஐந்து துளை. மேலே இரண்டு அடி கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதற்கும் கீழே உளுத்த பாறை. இருபது அடியில் நாற்பது அடி வாங்கிற்று என்று நான் சொன்னால் தமிழ் தெரிந்தவர்களுக்கே தலை சுற்றும், ஆனால் கணக்கு அதுதான். ஐந்து துளையும் ஒரே மாதிரி வந்தன. இதைவிட நல்ல மண்ணை ஆஸ்பத்திரிக்கு யாரும் கொடுக்க முடியாது என்று எழுதி, என் பெயரில், என் கையெழுத்தில், என் முதல் ரிப்போர்ட்டை அனுப்பினேன். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து அம்மா, "என்னடீ, கால் தரையில படமாட்டேங்கறது?" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, தூண்கள் வரும் இடங்களைக் குறித்துக் கொடுக்க மறுபடி போனேன். ஒவ்வொரு தூணுக்கும் ஓர் ஆப்பு அடித்து, சுண்ணாம்புப் பொடி தூவினோம். வடகிழக்கு மூலையில் அறுவைச் சிகிச்சை அறை. அது முடிந்ததும் கையோடு கையாக மழைத்தண்ணீர் வடிகாலுக்கும் லெவல் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. வரப்போரமாக, கல் பாவின பழைய வாய்க்கால் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதையே சீர் பண்ணி வடிகாலாக்கினால் வேலை மிச்சம். நான் லெவல் கருவியின் கண்ணாடி வழியே பார்க்க, எங்கள் செயின்மேன் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பத்துப் பத்து மீட்டராக வாய்க்காலில் மேல்நோக்கிப் போனார். யார் வெட்டியதோ, வாட்டம் பிசகாமல் வெட்டியிருந்தார்கள். ரீடிங் ஒவ்வொன்றும் எனக்குத் திருப்தியாக வந்தது.

"மேடம், சால் இவிடெ கழிஞ்ஞு" என்று செயின்மேன் கத்தினார். வாய்க்கால் இங்கே முடிந்துவிட்டது என்கிறார்.

கருவியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன். கடலை பிடுங்கின காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஒன்றும் இல்லை. அவரிடமிருந்து நாலு எட்டு தள்ளி, நாங்கள் காலையில் அடித்த ஆப்பு.

முடிந்துவிட்டது என்று அவர் சொன்னது தப்பு. நாங்கள் மேட்டை நோக்கிப் போயிருந்தோம். வாய்க்கால் அங்கே முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. தண்ணீர் இல்லாத இடத்திலிருந்து எந்த விவசாயியும் வாய்க்கால் வெட்டமாட்டான். நான் டவுன்காரிதான், ஆனால் இதைப் புரிந்துகொள்ள விவசாயம் தெரிய வேண்டாம்.

ஆறடி நீளத்தில் அரை அங்குலக் கம்பி ஒன்று ஜீப்பில் இருந்தது. முதலில் தெற்கே தள்ளி நின்று குத்திப் பார்த்தேன். இரண்டடியில் சுக்கானில் முட்டி நின்றது. வாய்க்காலின் தலையில் வந்து குத்தினேன். சுத்தியல்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன், அழுத்த அழுத்தப் போயிற்று. ஆறடியும் போய், பிடிக்கக் கை அளவு மட்டும் மிச்சம் நின்றது. செயின்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மண்ணைக் குடைந்தெடுக்கும் கைத்துரப்பணத்தை எடுத்துவரப் போனார்.

துரப்பணத்தில் வந்தது வண்டல் மண். கூடவே ஓட்டுச் சில்லு, வைக்கோல், சாம்பல். பதினைந்தாவது அடியில் தென்னை மட்டை ஒன்று நாராக வந்தது. பதினைந்து அடி ஆழத்தில் தென்னை மட்டை தானாக விளையாது. கம்பியால் சுற்றிலும் குத்தி அளந்தேன், இருபதுக்கு இருபது அடி. பழைய இறைவைக் கிணறு ஒன்றை யாரோ மண் போட்டு மூடி, மேலே உழுது கடலை போட்டிருக்கிறார்கள். என் ஐந்து துளைகளும், வடகிழக்கு மூலைத் துளைகூடச் சில அடி தள்ளி, அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கின்றன. அறுவைச் சிகிச்சை அறையின் தூண் ஒன்று அதன் வாய்க்கு மேலே வருகிறது.

முதலில் பயந்தேன். பயம் கொஞ்ச நேரம்தான், அப்புறம் கோபம் வந்துவிட்டது. எனக்கு அது சுலபமாக வரும். ஆள் விட்டு நிலத்துக்காரரைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் சைக்கிளிலிருந்து இறங்கக்கூட விடவில்லை.

"இங்கே கெணறு இருந்துதா, இல்லையா?"

"இருந்துதுங்க. டேம் வாய்க்கால்ல தண்ணி வந்த பொறவு அதுக்குச் சோலியில்லீங்க. ரெண்டு வருசத்துக்கு மின்னால மூடிப்போட்டனுங்க."

"நான் கேட்டப்போ இல்லைன்னு சொன்னேளே! கையெழுத்தும் போட்டேளே!"

"நீங்க எப்பங்க கெணறு இருக்குதான்னு கேட்டீங்க?"

"தூர்த்த இடம் உண்டான்னு கேட்டேனா, இல்லையா?"

"ஆமாங்க, தூரு எடுத்தீங்களான்னு கேட்டீங்க." அவர் குரலும் ஏறிவிட்டது. "இருக்கற கெணத்துலதானுங்க தூரு எடுக்கோணும். சேத்தை வாரி வெளிய போடறதுதானுங்க தூரு எடுக்கறது. மூடுன கெணத்துல என்னத்தைங்க தூரு எடுக்கறது? இந்தம்மிணி என்ன இப்பிடிக் கேக்குதுன்னு எனக்கே திகைப்பாத்தானுங்க இருந்துச்சு. படிச்சவீங்க, ஏதாச்சும் இருக்கும்னு உட்டுட்டனுங்க."

எங்கள் ஊரில் தூர்ப்பது என்றால் போட்டு நிரப்புவது. அவர் ஊரில் தூர் என்றால் அள்ளி வெளியே எறிவது. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிணற்றை மூடினீர்களா என்று நான் கேட்க, கிணற்றைச் சுத்தம் பண்ணினீர்களா என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

"மலையாளத்துல கேட்டிருந்தாக்கூட வெளங்கியிருக்குமுங்க" என்றார் அவர். "நீங்க தமிழ்ல கேட்டுப்போட்டீங்க."

செயின்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கோபம் இறங்கிய பிறகு, எதற்காக மூடினீர்கள் என்று கேட்டேன். இடம் பார்க்க வந்த டாக்டர் ஒருவர், ஆஸ்பத்திரி என்றால் குழந்தைகள் ஓடி விளையாடும், திறந்த கிணறு ஆபத்து என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். இவர் உடனே வண்டி கட்டிவிட்டார். "சும்மா குப்பையைக் கொட்டுலீங்க. ஏரி வண்டலுங்க. மேல வந்த பொறவு மாட்டை உட்டு மிதிக்க உட்டனுங்க. மழை பேஞ்சு அமுங்கறப்பெல்லாம் மறுக்கா ரெண்டு வண்டி போட்டு மட்டம் பண்ணுனனுங்க. பள்ளமுங் குழியுமாக் குடுத்தா நல்லாவாங்க இருக்கும்?" கொடுக்கிற பொருளைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த நல்ல மனசுதான் என்னைக் குழியில் தள்ளிவிட்டது.

பாலக்காட்டுக்குத் திரும்பி மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறவில்லை. ஃபைலை எடுத்து அந்த ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தார். நிலத்துக்காரர் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இதோ இருக்கிறதே. மூடிய இடம் இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நிலத்துக்காரர் மறைத்துவிட்டார், நாம் கண்டுபிடித்தோம் என்று எழுது. உனக்கு நல்ல பெயர்தான்."

சொல்லப்போனால் அது எனக்கு இனித்தது. ராத்திரி பகல் என்று பாராமல் யோசித்தேன் என்றெல்லாம் பெரிதாகச் சொல்லமாட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். அப்படி எழுதினால் நான் ஃபீல்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் 'மறைத்துவிட்டார்' என்ற ஒரு வார்த்தை கலெக்டர் ஆபீஸுக்குப் போனால், அந்த நிலம் வேண்டாம் என்று முடிவாகும். ஆஸ்பத்திரி எங்கள் ஊருக்கு வரட்டும் என்று வேறு இரண்டு பஞ்சாயத்துகள் தயாராகக் காத்துக்கொண்டிருந்தன. பொய் சொல்லி சொத்தை நிலத்தைத் தலையில் கட்டப் பார்த்தவர் என்ற பெயர் அந்த மனிதருக்கு நிற்கும். 'நிலத்துக்காரர்' என்று எழுதி, அதற்கு மேல் பேனா நகராமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

புதுத் தாளில் இப்படி எழுதினேன்: 'கேள்வி என்னால் கேட்கப்பட்டது. நான் உபயோகித்த சொல்லுக்கு அந்த வட்டாரத்தில் நேர் எதிரான பொருள். நிலத்துக்காரர் தனக்கு விளங்கியபடி உண்மையாகப் பதில் சொன்னார். தவறு என்னுடையது.' அதன் கீழே செய்ய வேண்டியதையும் எழுதினேன். கிணற்றைத் தோண்டிக் கான்கிரீட் போட்டு நிரப்புகிற யோசனை கூடாது. ஒரு மூலை மட்டும் கருங்கல்லாகி மற்றது மண்ணாக இருந்தால், அதுவும் கோணல்தான். கட்டிடத்தையே மேற்கே பதினைந்து மீட்டர் நகர்த்த வேண்டும். புது இடத்தில் மேலும் துளைகள் போட வேண்டும். இந்தப் பகுதியை எழுதும்போது என் கை தயங்கவே இல்லை. மொழியில் தவறினேனே தவிர மண்ணில் தவறவில்லை.

மேலதிகாரி இரண்டு தடவை படித்தார். "தமிழ் தெரியும் என்றுதானே உன்னை அனுப்பினேன்?" என்று கேட்டார். "தமிழ்தான் தெரியவில்லை என்று நீயே எழுதிக் கொடுக்கிறாய். இனி உன்னை எப்படி அனுப்புவது?"

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுவதற்கு மனசில்லாமல் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சலிக்க வேண்டிய மண்ணை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மேலதிகாரியே அந்த நிலத்துக்குப் புறப்பட்டார். புதுத் துளைகளுக்காகக் கோட்டயத்துக்காரரைக் கூட்டிக்கொண்டார். பழைய ஆப்புகளைக் காட்டிக் கொடுப்பதற்காக என்னையும் ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். நிலத்துக்காரர் வெள்ளை வேட்டியும் துண்டுமாக வரப்பில் காத்திருந்தார். அவரிடம் மேலதிகாரி மரியாதையாகவே பேசினார். கட்டிடம் கொஞ்சம் நகரும், நிலம் நல்ல நிலம்தான், பத்திரத்தைச் சீக்கிரம் பதிந்துவிடலாம் என்றார். இனி எல்லாவற்றையும் இந்த சார் பார்த்துக்கொள்வார், அந்தப் பெண்ணுக்கு ஆபீஸிலேயே வேலை இருக்கிறது என்று கோட்டயத்துக்காரரைக் காட்டினார். சொன்னது மலையாளத்தில். நிலத்துக்காரருக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"அந்தம்மிணி என்ன தப்புப் பண்ணுச்சுங்க?" என்றார் தமிழில்.

மேலதிகாரி சங்கடமாகச் சிரித்தார். கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டாள், அதை அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று சொன்னார். உங்கள்மேல் குற்றம் இல்லை என்றும் எழுதியிருக்கிறாள் என்றார்.

நிலத்துக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். எழுதினது அவருக்கு அதுவரை தெரியாது. நான் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செருப்பில் ஒட்டின கரிசலைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன். தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இந்தக் காட்டுக்கு இதுவரைக்கும் டாக்டர் வந்தாருங்க, தாசில்தார் வந்தாருங்க, இந்தா இந்த சாரும் வந்தாருங்க. இப்ப நீங்களும் வந்திருக்கறீங்க. அந்தம்மிணி மொதல்ல தப்பாத்தானுங்க கேட்டுச்சு. பொறவு வந்து மறுக்காக் கேட்டுச்சுங்க. மத்த ஆரும் என்னைய ஒருக்காக்கூடக் கேக்குலீங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது வந்து அளந்தாத்தானுங்க பத்தரம் பதிவு. இல்லீன்னா கடலை வெதச்சுக்கறனுங்க."

கோட்டயத்துக்காரருக்கு 'ங்க' மட்டும்தான் புரிந்திருக்கும், ஆனால் அவர்தான் முதலில் நகர்ந்து, கையில் வைத்திருந்த லெவல் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். மேலதிகாரி என்னைப் பார்த்து, என்ன நின்றுகொண்டிருக்கிறாய் என்பதுபோலத் தலையை அசைத்தார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு மேற்கே நடந்தேன். சாயங்காலத்துக்குள் மூன்று துளை போட்டு முடித்தேன்.